கோயில், பள்ளிக்கூடம், லயம்: ஊரோடு சேர்ந்து மரக்கறி விற்க என்ன வழி?

நாற்பது பேர்ச் கேட்டது:

வணக்கம். இடம் தலவாக்கலைக்கும் கொட்டகலைக்கும் நடுவில். காணி 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். போஞ்சி, கரட், பீட்ரூட், கோவா, கொஞ்சம் லீக்ஸ், ஓரத்தில் கறிமிளகாய். மழை கெடுக்காவிட்டால் வாரத்துக்கு 80 முதல் 120 கிலோ வரை வரும். இப்போது எல்லாமே லொறிக்குத்தான் போகிறது. மூட்டை ஏறும்போது விலை தெரியாது, மறுநாள்தான் சொல்வார்கள். கமிஷன், ஏற்று கூலி, அழுகல் கழிவு எல்லாம் வெட்டி மிச்சம் கைக்கு வரும்.

சுற்றிவரத் தேயிலைத் தோட்டத்தின் மூன்று டிவிசன் (பிரிவு), லயம் என்கிற வரிசை வீடுகளில் சுமார் 300 குடும்பம். ஒரு கோயில், சின்னதாக ஒரு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், 4 கிலோமீற்றரில் டவுன். பாதி விளைச்சலையாவது இங்கேயே விற்க வேண்டும். விளம்பரத்துக்குப் போடக் காசு இல்லை. ஊர்க் காரியங்களில் சேர்ந்து பெயர் எடுக்கலாம் என்று பலர் சொல்கிறார்கள். கேள்விகள் இவைதான். கோயில் திருவிழாவுக்குக் காசாகக் கொடுப்பதா, மரக்கறியாகவா, எவ்வளவு? பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குப் பரிசு கேட்கிறார்கள், அதில் பிரயோசனம் உண்டா? லயத்து ஆட்களுக்குக் கடன் கொடுக்கலாமா? "இயற்கை மரக்கறி" என்று போர்டு போட்டால் சரியா? வட்ஸ்அப் குழு தொடங்கினால் ஓடுமா?

மேட்டுத்தோட்டம்:

முதலில் தொகையைக் கட்டுங்கள். கேட்கிற இடத்துக்கெல்லாம் கொடுத்தால் ஆறு மாதத்தில் கை சுட்டுவிடும். மாத விற்பனையில் நூற்றுக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 400 கிலோ, லொறி விலை கிலோ 200 என்றால் விற்பனை 80,000. அதில் நூற்றுக்கு மூன்று 2,400 ரூபாய், அதாவது 12 கிலோ மரக்கறி. இரண்டு மாதப் பங்கைச் சேர்த்தால் 24 கிலோ. 300 பேர் சாப்பிடுகிற அன்னதானத்தில் ஒரு கறிக்கு 20 முதல் 25 கிலோ பிடிக்கும். ஆக, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஒரு முழுக் கறியை நீங்கள் ஏற்கலாம். காசாக 4,800 கொடுத்தால் நோட்டீசில் நாற்பது பெயர்களுக்கு நடுவில் ஒரு வரி. அதே பெறுமதிக்குப் போஞ்சி கொடுத்தால் 300 பேர் இலையில் உங்கள் போஞ்சி.

கொடுக்கிற விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். தோட்டத்துக் கோயில்களில் உபயம் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. இன்ன நாள் இன்ன குடும்பம் என்று இருக்கும். புதிதாக ஒருவர் "மூன்றாம் நாள் உபயம் நான் எடுக்கிறேன்" என்று போனால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். உபயகாரரிடமே போய், "உங்கள் நாளுக்கு ஒரு கறிக்குரிய மரக்கறி நான் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அவருக்குச் செலவு குறையும், உங்களை அவரே நாலு பேருக்குச் சொல்வார்.

அடுத்தது சமையல்காரர். பரிபாலன சபைத் தலைவரைப் பார்ப்பதைவிட அவரைப் பார்ப்பது முக்கியம். என்ன கறி, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு வேண்டும் என்று ஒரு வாரத்துக்கு முன்பே கேளுங்கள். லீக்ஸ் கொண்டுபோகாதீர்கள். அது வெங்காயக் குடும்பம், பல கோயில் சமையலில் சேர்க்க மாட்டார்கள். போஞ்சி, கரட், பீட்ரூட், கோவா சரி. முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்குள் இறக்கிவிடுங்கள், இரவில்தான் பெண்கள் உட்கார்ந்து வெட்டுவார்கள். காலையில் கொண்டுபோனால் 20 கிலோ போஞ்சியை நார் உரித்து வெட்ட ஆள் இருக்காது, மூட்டை அப்படியே மூலையில் கிடக்கும். வெட்டுகிற அந்தக் கூட்டம்தான் உங்கள் வாடிக்கை. போஞ்சியை ஒடித்துப் பார்த்து "நார் இல்லை, இளசு" என்று அங்கே ஒருவர் சொன்னால் விடிவதற்குள் மூன்று லயத்துக்கும் தெரிந்துவிடும். முற்றின காயைத் தள்ளிவிட்டாலும் அதே வேகத்தில் தெரியும். ஆகவே கொடுப்பதற்கு முதல் தரம், மிச்சம்தான் லொறிக்கு.

பந்தி நடக்கிற இடத்தில் சின்னப் பலகை ஒன்று வைக்கச் சபையிடம் அனுமதி கேளுங்கள்: "இன்றைய போஞ்சி, கரட் உபயம்: இன்ன தோட்டம். வியாழக்கிழமை தோறும் மரக்கறிப் பை கிடைக்கும்", கீழே போன் நம்பர். அவ்வளவு போதும். கோயில் வளவுக்குள் விற்க வேண்டாம்.

மாசியிலிருந்து சித்திரை வரை தோட்டக் கோயில் திருவிழாக்கள் அடுத்தடுத்து வரும். எல்லாவற்றுக்கும் கொடுக்க முடியாது. நடந்துபோகிற தூரத்தில் உள்ளதை மட்டும் எடுங்கள்.

சர்ச்சில் அறுவடைத் திருநாள் வைத்தால் கூடை ஒன்று கட்டிக் கொடுங்கள். பிறகு ஏலம் விடுவார்கள். கரட் இலையோடு, பீட்ரூட் தண்டோடு, கோவா வெளி இலை இரண்டோடு இருந்தால் கூடை எடுப்பாக இருக்கும். வெசாக், பொசன் பௌத்தப் பண்டிகைகளுக்குச் சிங்கள அயலவர்கள் சோற்றுத் தன்சல் (இலவசச் சாப்பாட்டுப் பந்தல்) போட்டால் லீக்ஸ் அங்கே நன்றாக எடுபடும். தன்சலுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அனுமதி எடுக்க வேண்டும், அதை நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் கொடுக்கிற மரக்கறி கழுவி, அழுகல் கழித்து இருந்தால் சரி.

இன்னொன்று. மரண வீட்டுக்கும் மரக்கறி கொடுப்பது நம் வழக்கம். அங்கே அடுப்பு மூட்டாமல் அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுபோவார்கள். அதற்குக் கொடுப்பதை இந்த நூற்றுக்கு மூன்றில் சேர்க்காதீர்கள். பெயரும் பலகையும் படமும் வேண்டாம். மரண சங்கத்தாரிடம் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். மண்சரிவு முகாம்களுக்கும் அதே முறைதான்.

கொழுந்து மடுவம்:

மேலே சொன்னது பெயர் எடுக்கிற வழி. எடுத்த பெயர் பையாக விற்க வேண்டுமே, அதைச் சொல்கிறேன்.

லயத்து வீட்டில் ஒரு கிலோ போஞ்சி ஒரேயடியாக வாங்க மாட்டார்கள். கால் கிலோ, நூறு கிராம் என்றுதான் கணக்கு. ஆகவே கலவைப் பை போடுங்கள். போஞ்சி 250 கிராம், கரட் 300, பீட்ரூட் 250, கோவா 400, கறிமிளகாய் 100. மொத்தம் 1.3 கிலோ. நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு நாள் கறி. ஒரு கொத்துக் கறிவேப்பிலை சும்மா வையுங்கள். வாரம் 40 பை போனால் 52 கிலோ, நீங்கள் கேட்ட பாதி விளைச்சல் அதுதான். 300 குடும்பத்தில் 40 என்பது ஏழெட்டு வீட்டுக்கு ஒன்று, எட்ட முடியாத கணக்கு இல்லை.

விலை: லொறிக்காரர் தருவதற்கும் டவுன் கடை விற்பதற்கும் நடுவில். லொறியில் போஞ்சி 200, கடையில் 360 என்றால் உங்கள் விலை 280. வாங்குகிறவருக்கு 80 மிச்சம், பஸ் காசும் மிச்சம். உங்களுக்கு 80 கூட. லொறி விலைக்கே கொடுத்தால் பை கட்டுகிற நேரத்துக்குக்கூடக் கட்டுப்படியாகாது. கடை விலைக்குக் கொடுத்தால் உங்களிடம் வர வேண்டிய தேவை இல்லை. விலையை ஒவ்வொரு நாளும் மாற்றாதீர்கள், வாரத்துக்கு ஒரு விலை.

நாள்: வியாழன் பின்னேரம். வெள்ளிக்கிழமை நிறைய வீடுகளில் மரக்கறிச் சாப்பாடு. நேரம் ஐந்து மணிக்கு மேல். கொழுந்து நிறுத்து வீடு வந்து முகம் கழுவி அடுப்புப் பக்கம் போகிற நேரம் அது. கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறுவை நடக்கும்போது பையோடு போய் நிற்கக்கூடாது. கணக்கப்பிள்ளைக்கும் இடைஞ்சல், வரிசையில் நிற்கிறவர்களுக்கும் எரிச்சல். தோட்ட எல்லைக்குள் வைத்து விற்பதென்றால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். துரையின் ஓபீசில் ஒரு கடிதம் கொடுத்து நகலில் ஒப்பம் வாங்கி வைத்தால் பிறகு யாரும் விரட்ட முடியாது.

லயத்துக்கு ஒருவரைப் பிடியுங்கள். மாதர் சங்கத்தில் இருப்பவர், பிள்ளை மடுவத்தில் (குழந்தைகள் காப்பகத்தில்) வேலை செய்பவர் போல எல்லா வீட்டோடும் பேச்சுவார்த்தை உள்ளவர் நல்லது. அவர் புதன் இரவு ஆர்டர் எடுத்துச் சொல்லட்டும். பத்துப் பைக்கு ஒரு பை அவருக்கு. 40 பைக்கு நாலு பை, 5.2 கிலோ. லொறிக்காரரின் கமிஷனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பை ஊருக்குள்ளேயே ஒரு அடுப்புக்குப் போகிறது.

கடன்: முற்றாக மறுத்தால் தோட்டத்தில் வியாபாரம் ஓடாது. வாய்க்கணக்கில் கொடுத்தாலும் ஓடாது. சம்பளம் பெரும்பாலும் பத்தாம் தேதியை ஒட்டித்தான் வரும், ஆகவே கடன் அந்தத் தேதி வரை மட்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு பைக்கு மேல் நிலுவை வேண்டாம். கொப்பி இரண்டு, ஒன்று உங்களிடம், ஒன்று அவர்களிடம். இரண்டிலும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். கடன் ஏறினால் காசு மட்டும் போகாது. ஆயிரம் ரூபாய் நிலுவை உள்ளவர் உங்கள் கண்ணில் படாமல் சுற்றிப் போய் வேறு இடத்தில் வாங்குவார், அவர் அக்கா தங்கச்சி வீடுகளும் அவரோடு போகும். சிறிய எல்லை வைப்பது அவர்களுடைய மரியாதைக்காகவும்தான்.

தோட்டக் கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். அரிசி, மா, சீனி எல்லாம் மாதக் கடனில் கொடுத்து அந்த லயங்களைத் தாங்குகிறவர் அவர். அவர் மரக்கறித் தட்டுக்கு முன்னால் நின்று விலை குறைத்து விற்றால் ஊர் இரண்டாகும். முதலில் அவரிடமே போய் லீக்ஸ், கோவா இரண்டையும் வாரம் 15 கிலோ போடுகிறேன் என்று பேசுங்கள். டவுனில் அவர் வாங்குகிற தொகை விலையில் கொடுத்தாலும் வாகனக் கூலி அவருக்கு மிச்சம். பையில் நீங்கள் லீக்ஸ் போடாதீர்கள், அது அவர் பங்காக இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று, இதில்தான் பலர் விழுகிறார்கள். மழைக்குத் தம்புள்ளை மொத்தச் சந்தையில் விலை ஏறுகிற வாரம் லொறிக்காரரே வீட்டு வாசலுக்கு வந்து காசைக் கையில் வைப்பார். அந்த வாரம் பையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் ஏற்றினீர்களானால் அடுத்த வாரம் நீங்கள் கொண்டுவருகிற 40 பையில் 25 திரும்பி வரும். விலையைக் கொஞ்சம் ஏற்றுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், ஆனால் பை போக வேண்டும்.

நாற்பது பேர்ச்:

மிகவும் நன்றி. கடைக்காரர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு பேரும் சொன்னதிலிருந்து இன்னொரு பிரச்சினை தெரிகிறது: எல்லா வாரமும் எல்லா மரக்கறியும் இருக்காதே? இப்போது ஒரே நாளில் விதைத்து ஒரே நாளில் அள்ளுகிறேன். பள்ளிக்கூடம் பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

ஊவாக் காற்று:

லொறிக்கு விளைவிப்பதும் ஊருக்கு விளைவிப்பதும் வேறு வேறு. 40 பேர்ச்சையும் ஒரே பயிராக நிரப்புவது லொறி முறை. பைக்கு வேண்டுமென்றால் பாத்தியைப் பிரித்து விதைக்க வேண்டும். கொடிப்போஞ்சி மலைநாட்டுக் குளிரில் சுமார் 60, 65 நாளில் முதல் பறிப்புக்கு வரும், பிறகு நாலைந்து வாரம் பறிக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒரு பாத்தி போட்டால் இடைவெளி விழாது. கரட் 90 முதல் 100 நாள். அதை இரண்டு வாரத்துக்கு ஒரு துண்டு விதையுங்கள். முற்றினாலும் கொஞ்ச நாள் மண்ணிலேயே விட்டு வைக்கலாம் என்பது கரட்டின் நல்ல குணம். ஆனால் மழைக் காலத்தில் அதிகம் விட்டால் வெடிக்கும்.

பண்டிகைக்கு நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள். தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15. கரட்டுக்கு 95 நாள் கழித்தால் ஒக்டோபர் 11. போஞ்சிக்கு 65 நாள் கழித்தால் நவம்பர் 10. இரண்டு விதைப்பும் ஒக்டோபர், நவம்பர் அடைமழைக்குள் விழுகிறது, அதுதான் ஆபத்து. கரட் விதை நுணுக்கமானது, ஒரு பெருமழை போதும், விதை எல்லாம் வாய்க்காலில் போய்க் குவியும். பாத்தியை ஒரு சாண் உயர்த்துங்கள். சரிவுக்குக் குறுக்கே பாத்தி, ஓரத்தில் தண்ணீர் போகக் காண் (வடிகால்). விதைத்தவுடன் மானாப்புல்லை மெல்லிசாகப் பரப்புங்கள். ஏழு முதல் பத்து நாளில் முளை தெரியும். தெரிந்த அன்றே பின்னேரம் புல்லை எடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் நாற்று வெளிறி, கழுத்து நீண்டு சாயும். உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை மே மாதத்திலிருந்து அடித்துப் பெய்யும், பதுளை வெலிமடைப் பக்கம் அப்போது காய்ந்து கிடக்கும். ஆகவே ஜூன், ஜூலையில் உங்கள் போஞ்சி குறையும் என்று இப்போதே கணக்கில் வையுங்கள், அந்த மாதங்களில் பையில் பீட்ரூட்டையும் நோக்கோலையும் (நூல்கோல்) கூட்டுங்கள். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்தில் இதை வாசிப்பவர்களுக்கு: ஜனவரி, பெப்ரவரியில் துகள் உறைபனி விழும், போஞ்சி தாங்காது. பொங்கலுக்குப் போஞ்சியை நம்பாதீர்கள், கரட்டும் லீக்சும் போடுங்கள்.

கந்தசஷ்டி ஆறு நாளும் தேவை கூடும். தீபாவளி அன்று இறைச்சிதான் ஓடும், அந்த வாரம் பையைக் குறையுங்கள். டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணிச் சாப்பாட்டுக் கடைகள் அந்த மாதங்களில் கூடுதலாக வாங்கும். லயத்தில் மிஞ்சுவதை அங்கே ஒரு கடையோடு பேசி வைக்கலாம்.

பள்ளிக்கூடம். விளையாட்டுப் போட்டிக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுப்பது வீண். கிண்ணம் அலுமாரிக்குள் போய்விடும். சாதாரண தரத்தில் விவசாயமும் உணவுத் தொழினுட்பமும் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் அந்த ஆசிரியரைப் பாருங்கள். அவர்களுக்குச் செய்முறைக்கு இடமும் நாற்றும் தேவைப்படும். தட்டில் 100 கோவா நாற்று, நாலு இலை விட்ட பருவத்தில், தவணை தொடங்கி இரண்டாம் வாரம் கொடுங்கள். தவணை முடிகிற நேரம் கொடுத்தால் விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் காயும், உங்கள் பெயரும் அதோடு காயும். கோவா நட்டதிலிருந்து 75, 90 நாள். தவணைக்குள் அறுவடை பார்க்க வேண்டுமென்றால் முள்ளங்கியும் கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள், 40, 45 நாளில் பிடுங்கிவிடலாம்.

பிள்ளைகளைத் தோட்டம் பார்க்கக் கூப்பிடுவது இன்னும் நல்லது. ஒரு தடவைக்கு 30 பேருக்கு மேல் வேண்டாம், ஒரு மணி நேரம் போதும். அதிபரின் எழுத்து அனுமதி, கூட இரண்டு ஆசிரியர்கள். அந்த வாரம் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள், மருந்து அறையைப் பூட்டுங்கள், வழுக்குகிற படியில் சாம்பலோ மணலோ போடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் ஒரு கரட்டைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோகட்டும். 30 கரட் மூன்று நாலு கிலோதான் வரும். அன்று ராத்திரி 30 வீட்டுச் சமையலறையில் உங்கள் தோட்டத்துப் பேச்சு நடக்கும். பிள்ளைகளின் முகம் தெரிகிற படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பேஸ்புக்கில் போடாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறவர் யார் என்று விசாரியுங்கள். அவருக்கு வாரா வாரம் மரக்கறி வேண்டும். முதலில் சின்னத் தொகை, வாராந்தக் கணக்கு. அவருக்குக் காசு தாமதமாகிற மாதங்களும் இருக்கும், அதைக் கணக்கில் எடுத்துப் பேசுங்கள்.

முத்திரைத் தராசு:

"இயற்கை" போர்டு பற்றி. போடாதீர்கள். மருந்து அடிக்கிற தோட்டத்துக்கு அது பொய். அடிக்காத தோட்டமே என்றாலும் சான்று இல்லாமல் சொன்னால் கேட்கிறவருக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. லயத்து ஆட்கள் வீட்டோரத்தில் தாங்களே போஞ்சி போடுகிறவர்கள். போஞ்சி ஈ விழுந்தால் செடி என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்து அந்த ஆண்டு நவம்பரிலேயே விலக்கியபோது விளைச்சல் என்ன ஆனது என்றும் கண்ணால் பார்த்தவர்கள். அவர்களிடம் உள்ளதைச் சொல்வதுதான் எடுபடும். ஒரு கரும்பலகை வையுங்கள்: "போஞ்சி. கடைசியாக மருந்து அடித்தது: மார்ச் 2. பறித்தது: மார்ச் 18." மருந்துப் போத்தலின் லேபிலில் எத்தனை நாள் காத்திருக்கச் சொல்கிறதோ அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்தப் பலகையைத் தொடர்ந்து எழுத, நீங்களே ஒரு தெளிப்புக் கொப்பி வைத்தாக வேண்டும்.

அந்தக் கொப்பி நல்ல விவசாய நடைமுறைச் சான்றுக்கும் அடிப்படை. இலங்கையில் அதற்கான தரம் SLS 1523. பொதியில் "எஸ்எல் கெப்" என்று பார்த்திருப்பீர்கள், அது இந்தச் சான்றுதான். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பேசுங்கள், கமநல சேவை நிலையத்தில் கேட்டால் அவர் எந்த நாளில் வருவார் என்று சொல்வார்கள். கமத்தொழில் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம். பயிர் பாதி வளர்ந்த பிறகு கொப்பி தொடங்கினால் அந்தப் போகத்துக்கு உதவாது, நிலம் கொத்துகிற நாளிலிருந்து எழுத வேண்டும்.

தராசு: வியாபாரத்துக்குப் பாவிக்கிற தராசுக்கு அளவீட்டு அலகுகள் திணைக்களத்தின் முத்திரை வருடா வருடம் வேண்டும், 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். சமையலறைக்கு விற்கிற சின்ன இலத்திரன் தராசில் அந்த முத்திரை இருக்காது. நம் மலைச் சரிவில் இன்னொரு சிக்கல், தராசு சாய்ந்து நின்றால் நிறை பிழைக்கும். அடியில் பலகை போட்டு, நீர்க்குமிழி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். 250 கிராமுக்கு 260 போடுங்கள். போஞ்சி அடுத்த நாளுக்குள் சில கிராம் வாடும், யாராவது வீட்டில் நிறுத்துப் பார்த்தால் குறையக்கூடாது.

அச்சாறு, ஜாம் என்று போத்தலில் போட நினைத்தால் அது வேறு கதை. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்குள் போகிறது. முதலில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு இடத்தைக் காட்டுங்கள். பச்சை மரக்கறி நன்றாக ஓடுகிற வரைக்கும் அந்தப் பக்கம் போக அவசரம் இல்லை.

வட்ஸ்அப்: குழுவை "நிர்வாகி மட்டும் எழுதலாம்" என்று வையுங்கள். எல்லாரும் எழுதுகிற குழுவில் இரண்டாம் நாளே காலை வணக்கப் படங்களும் தொழிற்சங்கச் சண்டையும் வந்து உங்கள் விலைப்பட்டியல் புதைந்துவிடும். ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்புகிற பட்டியல் முறையில், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். பதிந்தார்களா என்று கேட்டு உறுதி செய்யாமல் "யாரும் பதில் போடவில்லை" என்று கவலைப்படாதீர்கள். செவ்வாய் இரவு ஏழு மணிக்கு ஒரு படம், அன்று பறித்ததாக, பகல் வெளிச்சத்தில் எடுத்ததாக. கூடவே 20 விநாடிக் குரல் பதிவு: என்ன இருக்கிறது, பை என்ன விலை, புதன் இரவு எட்டுக்குள் சொல்ல வேண்டும். வாசிக்கச் சிரமப்படுகிற பெரியவர்களுக்குக் குரல்தான் வசதி. டவுன் பக்கம் அனுப்புவதைச் சிங்களத்திலும் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள்.

நாற்பது பேர்ச்:

எல்லாருக்கும் நன்றி. கரும்பலகை யோசனையைத்தான் முதலில் செய்யப்போகிறேன். இப்படித் தொடங்கலாமா பாருங்கள். முதல் மாதம் ஒரு டிவிசன் மட்டும், வியாழன் 15 பை, ஆர்டர் எடுக்க இரண்டு பேர். கடைக்காரருக்கு லீக்ஸ், கோவா. கோயிலுக்கு இரண்டாம் மாதம் போஞ்சி. இன்னொன்று: பரிபாலன சபையில் இருந்து 25,000 காசாகக் கேட்டிருக்கிறார்கள். மறுத்தால் தப்பாக எடுப்பார்களா?

மேட்டுத்தோட்டம்:

தப்பாக எடுக்க மாட்டார்கள், சொல்லுகிற விதத்தில் இருக்கிறது. "காசாக முடியாது ஐயா, ஆனால் வருசத்துக்கு ஆறு தடவை, தடவைக்கு 24 கிலோ தருகிறேன்" என்று எழுதிக் கொடுங்கள். 144 கிலோ. கிலோ 200 என்றால் 28,800 ரூபாய் ஆகிறது, அவர்கள் கேட்டதைவிடக் கூட. அந்தக் கணக்கை அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள். ஒன்று மறக்க வேண்டாம், இதோடு உங்கள் நூற்றுக்கு மூன்று முழுவதும் கோயிலுக்கே போய்விடும். சர்ச், தன்சல், பள்ளிக்கூட நாற்று எல்லாவற்றுக்கும் பங்கு வேண்டுமென்றால் கோயிலுக்கு நாலு தடவை என்று நிறுத்துங்கள், அப்போது 96 கிலோ, 19,200.

ஊவாக் காற்று:

பையில் 400 கிராம் கோவா என்று மேலே எழுதியிருக்கிறது, அதில் மட்டும் ஒரு திருத்தம். கோவாவை வெட்டித் துண்டாகப் போட்டால் வெட்டின முகம் அடுத்த நாளே கறுக்கும். வியாழன் பின்னேரம் கொடுத்தது வெள்ளி மத்தியானம் அடுப்புக்கு வருகிறபோது பழசு போல் இருக்கும். முழுக் கோவா ஒன்றரைக் கிலோ வந்தால் பையில் அடங்காது. நெருக்கி நட்டால் தலை சிறுக்கும், பைக்கென்று ஒரு பாத்தியை அப்படி நடுங்கள். அது வரும்வரைக்கும் கோவாவுக்குப் பதிலாக ஒரு நோக்கோலைப் போடுங்கள். போஞ்சியைப் பனி காய்ந்த பிறகு, ஒன்பது மணிக்கு மேல் பறியுங்கள். ஈரத்தோடு பையில் போட்டால் மறுநாள் துரு நிறத்தில் புள்ளி விழும். கரட் இலையை இரண்டு சென்றிமீற்றர் விட்டு வெட்டிவிடுங்கள், இலை இருந்தால் கிழங்கின் தண்ணீரை அது இழுத்துவிடும். கோயில் கூடைக்கும் சர்ச் கூடைக்கும் மட்டும் இலையோடு. பொலித்தீன் பை என்றால் காகிதம் துளைக்கிற கருவியால் ஆறு ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே வியர்த்து எல்லாமே வழுக்கும். முதல் வியாழனுக்கு 15 பை கட்டுகிறபோது 16ஆவது பை ஒன்றைக் கட்டி உங்கள் வீட்டிலேயே வைத்து, சனிக்கிழமை காலை திறந்து பாருங்கள். எது வாடியிருக்கிறதோ அதை அடுத்த வாரம் மாற்றுங்கள்.